எட்டு கிலோவுக்குள்ளே

"டிரைவரண்ணே, முதல்ல உங்க தொப்பையை இறக்குங்க. சைக்கிள்ல கிராம் கணக்குப் பார்த்து என்ன ஆகப்போகுது?"

சக்கரத்தின் கம்பிகளை முறுக்கிக்கொண்டே கேட்டாள் சைக்கிள் கடைக்காரி. பஸ் டிரைவருக்குக் கோபம் வரவில்லை. வயிற்றை ஒருமுறை பாசமாகத் தடவிக்கொண்டார்.

"இது என் சொந்தச் சம்பாத்தியம் தங்கச்சி, இருந்துட்டுப் போகட்டும். வண்டி மட்டும் எட்டு கிலோவைத் தாண்டக் கூடாது."

முதல் நாளிலிருந்து இதே பாட்டுதான். ஏன் என்று கேட்டால், "முதல்ல ஆகட்டும், சொல்றேன்" என்பார். புதிதாக, லேசாக வாங்க அவர் சம்பளம் இடம் கொடுக்காது. "காசைச் சக்கரத்துல போடுங்க, மத்ததுக்குப் பழசே போதும்" என்றாள் அவள். அந்த ஒரு பேச்சைத்தான் கேட்டார். மற்றபடி எல்லாவற்றுக்கும் சண்டை.

முதல் சண்டை ஃபிரேமில் வந்தது. பழைய சாமான் குவியலிலிருந்து ஓர் அலுமினிய ஃபிரேமை உருவி எடுத்து, இதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"அண்ணே, இது உங்க அளவே இல்ல. மிதிச்சா முட்டி வந்து தாடையில இடிக்கும்."

"சின்னதுன்னா கனம் கம்மிதானே?"

"செருப்பும் சின்னதா வாங்கினா கனம் கம்மிதான். கால் நுழையணுமே!"

விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் ஃபிரேமை விடவில்லை.

டியூட்டி முடிந்ததும் காக்கிச் சட்டையோடு வந்துவிடுவார். செயினை மண்ணெண்ணெயில் கழுவுவார். ஸ்டாண்டு, மணி, பாட்டில் மாட்டும் வளையம் எல்லாவற்றையும் அவரே கழற்றி ஓரமாக வைப்பார். பெரிய வண்டியைத் திருப்பித் திருப்பிக் காய்த்துப்போன கைகளில் சின்னத் திருகாணிகள் நிற்காமல் உருண்டோடும். இரண்டு பேரும் தரையில் தவழ்ந்து தேடுவார்கள். அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதனால்தான் பயமும் வந்தது. இந்த வயதில், இந்த உடம்போடு, ஏதோ ரேஸில் போய் நிற்கப்போகிறார் மனிதர்.

இன்று கொக்கித் தராசில் வண்டியைத் தொங்கவிட்டார்கள். எட்டரை காட்டியது.

டிரைவரின் முகம் தொங்கிப்போனது.

"அரைக் கிலோதானே அண்ணே. உங்களுக்கா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியாது" என்றவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். "வேற என்னத்தைக் கழட்டலாம், சொல்லு."

"முன்னாடி ரெண்டு பல்சக்கரம் இருக்கே, ஒண்ணை எடுத்துடலாம். அதோட லீவரும் கேபிளும் போயிடும். ஆனா மேட்டுல நாக்குத் தள்ளிடும்."

"இந்த ஊர்ல மேடு எங்க இருக்கு? எடு."

எடுத்தாள். மெல்லிய டியூப் மாற்றினாள். தராசு எட்டுக்கு மேலேயே அடம்பிடித்தது, இம்மியளவுதான்.

டிரைவர் குனிந்து பார்த்தார். "சீட்டுக் கம்பி உள்ளே நீளமா இறங்கியிருக்கே. அதை அறுத்துடு."

அவள் எழுந்துவிட்டாள். "மாட்டேன். அறுத்துட்டா அப்புறம் சீட்டை உயர்த்தவே முடியாது. உங்களால ஓட்ட முடியாத வண்டியை நான் கட்டித் தரவா? ரேஸ்ல நாலு பேர் உங்களைப் பார்த்துச் சிரிப்பாங்க அண்ணே. என்னால தாங்க முடியாது."

குரல் உடைந்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது. டிரைவர் ரம்பத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நீ அறு தங்கச்சி. அண்ணனுக்காக."

பத்திரத்துக்கு வேண்டிய நீளத்தை விட்டுவிட்டு, மீதியை உதட்டைக் கடித்துக்கொண்டு அறுத்தாள். மறுபடி தொங்கவிட்டபோது முள் எட்டுக்குக் கீழே நின்றது. டிரைவர் நெடிய மூச்சு விட்டு, போனை எடுத்து ஒரே வார்த்தை சொன்னார்: "வா!"

சிறிது நேரத்தில், டிரைவரின் தோள் உயரம்கூட இல்லாத ஓர் அம்மாள் கடைக்குள் படியிறங்கி வந்தாள். "என் வீட்டுக்காரர் உன்னைப் பாடாய்ப் படுத்திட்டாராம்மா?" என்று கடைக்காரியின் கன்னத்தைத் தட்டினாள்.

"பேச்சு அப்புறம். முதல்ல தூக்கு" என்றார் டிரைவர்.

அவள் தயங்கினாள். மெல்லக் குனிந்து, ஒரு கையால் சைக்கிளைத் தூக்கினாள். நின்று பார்த்தாள். பிறகு படிகளில் விறுவிறுவென்று ஏறி, தெருவில் நின்றுகொண்டு சிறுபிள்ளை மாதிரி சிரித்தாள்.

"ஆபரேஷனுக்கப்புறம் எட்டு கிலோவுக்கு மேல எதையும் தூக்கக் கூடாதுன்னுட்டார் டாக்டர்" என்றார் டிரைவர், கண்ணை அவளிடமிருந்து எடுக்காமல். "வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, கீழே நிறுத்த இடமும் இல்ல, நான் பஸ் எடுக்கப் போயிட்டா, அவ சைக்கிளை யாரு தங்கச்சி இறக்கிக் கொடுப்பா?"