செண்பகம்

நேற்றுக் காலை விறகுக்குப் போன அம்மா திரும்பவில்லை. விடுதி மேனேஜரிடம் லீவு கேட்டேன்.

"சீசன்ல லீவா? பூவப் பத்திப் படிச்ச பொண்ணுன்னுதான வேலை குடுத்தேன். போய்ப் பூவக் காட்டு. அழுது வச்சு கெஸ்ட்ட மெரட்டாத."

அம்மா போன தடத்திலேயே விருந்தாளிகளைக் கூட்டிப் போனேன். புல்வெளி மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்துக் கிடந்தது, வெட்கமில்லாமல். பாறை நுனியில் ஒரு வரையாடு பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அதற்கு முதுகைக் காட்டி ஒருத்தி செல்ஃபி எடுத்தாள்.

"அம்மா" என்று கத்தினால் வேலை போய்விடும். பூவின் பெயரைக் கத்தினால் சம்பளம். பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாதுதான். ஆனால் அவள் பெயரும் பூவின் பெயர்தான். சோலைக்காட்டு ஓரத்தில் நின்று, தொண்டை கிழிய, வாழ்க்கையில் முதல்முறையாகக் கூப்பிட்டேன்.

"செண்பகம்."

மலை திருப்பிச் சொன்னது. கேமராக்கள் எல்லாம் மரங்களை நோக்கி உயர்ந்தன.

"எங்கேம்மா? ஒண்ணையும் காணோமே?" என்றார் விருந்தாளிகளில் ஒரு தொப்பிக்காரர்.

"மேல பாக்காதீங்க சார். பள்ளத்துல பாருங்க. பச்சச் சேல கட்டியிருக்கும்."