ஆக்ரன் ஹார்வியின் ஆத்திரம்

"ஆக்ரன்லேருந்து ஹார்வி பேசுறேன். அந்த வெண்டல் ப்ரூவிட்டை இன்னும் எதுக்குய்யா டீம்ல வச்சிருக்காங்க?" என்றது கரகரத்த குரல்.

மாலை ஆட்டத்துக்கு முன்னால், பேஸ்பால் ரசிகர்கள் வானொலிக்கு போன் போட்டுப் பொருமும் நேரம் அது. தொகுப்பாளர் ஸ்டான் அலுத்துக்கொண்டார்.

"மறுபடியும் நீங்களா? போன வருஷம் முப்பது ஹோம் ரன் அடிச்சவர் சார் அவர்!"

"போன வருஷ ஹோம் ரன்னை வச்சு இன்னிக்கு ஜெயிக்க முடியுமா? இந்த மாசம் அறுபது தடவை பேட்டோட நின்னான், ஒன்பது தடவைதான் உருப்படியா அடிச்சான். வேகமா வர்ற பந்து அவன் கண்ணுக்கே தெரியல. புதுசா வந்தவன் பெஞ்சுல காயறான். அவனை இறக்கச் சொல்லுங்க!"

ஸ்டானுக்குக் கோபம் வந்துவிட்டது. "பன்னெண்டு வருஷமா நமக்காக உழைச்ச மனுஷன். குறை சொல்றது சுலபம். நீங்க என்னிக்காவது பேட்டைத் தொட்டிருக்கீங்களா?"

ஹார்வி போனை வைத்தார்.

மைதானத்து வாசலில் நின்ற அவருடைய கார்க் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். அணியின் மேனேஜர்.

"என்னப்பா வெண்டல், இன்னும் உள்ள வரலையா? ரேடியோவுல எவனோ ஹார்வியாம், தினமும் உன்னைத் திட்டறான். அவன் கெடக்கான். எவன் என்ன சொன்னாலும் இன்னிக்கும் நீ ஆடுற!"

வெண்டல் தொண்டையைச் செருமிக்கொண்டார். என்னை இறக்காதீங்க என்று இன்றைக்காவது சொந்தக் குரலில் சொல்லிவிட வேண்டும்.

"சரி சார்" என்றார்.