இரண்டாவது கணினி

"எல்லாத்தையும் அழிச்சுட்டீங்களேப்பா, அதுக்கு மட்டும் எப்படி ஞாபகம் இருக்குது?"

அதைக் கேட்டபோது மகளுக்கு ஏழு வயது.

இலவசமாக ஓடும் முப்பது நாள் முடிந்திருந்தது. எம்பிராய்டரி டிசைன் வரையும் சாப்ட்வேரை அவன் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். உங்கள் முப்பது நாள் முடிந்துவிட்டது என்று அது மறுபடியும் சொன்னது.



பதில் தெரிந்தவர் கீழ்த்தளத்தில் எம்பிராய்டரி மெஷின்கள் ஓட்டிய சம்சுதீன். கண்ணுக்குக் காட்டாத ஒரு ஃபோல்டரில் சின்னதாக ஒரு ஃபைல். சாப்ட்வேரை அழித்தாலும் அது போகாது. இந்த ஹார்டு டிஸ்க்கில் இன்ன தேதியில் வந்தேன் என்று அதில் எழுதி வைத்திருக்கும்.

சொல்லிவிட்டு அவன் கணினியில் தன் லைசென்ஸ் எண்ணை அவரே அடித்தார்.

"ஒண்ணு வாங்குனா ரெண்டு கம்ப்யூட்டருக்குங்க. எனக்கெதுக்கு ரெண்டு? எங்கூட்ல சொல்லிக்காதீங்க. அப்புறம் நானென்னமோ தர்மம் பண்ணுன மாதிரி ஆயிரும்."

நான்கு வருடம் அவன் வீட்டில் உலை கொதித்தது அதனால்தான்.

சம்சுதீன் இறந்து ஆறு மாதம் ஆகிறது.

இன்று காலை அவருடைய மனைவி பரக்கத் கூப்பிட்டாள். கீழே போனான்.

ஆறு மெஷின்களும் நின்றிருந்தன. வேலைக்கு வந்த பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். 

கணினியில் வைரஸ் என்று மெக்கானிக்கை வரவழைத்திருக்கிறாள். மெக்கானிக் டிசைன்களையெல்லாம் பென்டிரைவில் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, மற்றதெல்லாம் அழிய பார்மட் செய்துவிட்டான்.

லைசென்ஸ் இந்தக் கணினிக்கு உரியது என்று பதிந்திருந்த அந்தச் சின்ன ஃபைலை எடுக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

"அவரு வரைஞ்சது அத்தனையும் இருக்குதுங்ண்ணா," என்றாள் பரக்கத். "ஒண்ணுகூடத் தொறக்க மாட்டேங்குது."

நாளை காலை பள்ளிச் சீருடை பேட்ஜ் மூவாயிரம் போக வேண்டும். போகாவிட்டால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடும். அவளுக்கு இருப்பது அந்த ஒரு பள்ளிதான்.

முப்பது நாள் இலவசத்தைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது; சம்சுதீன் பெயரில் உள்ள லைசென்ஸைக் கேட்டு எழுதியிருந்தார்கள். பதினைந்து வேலை நாளில் பரிசீலிப்போம் என்று பதில் வந்திருந்தது.

"செத்தவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பானுக போல," என்றான் மெக்கானிக். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

லைசென்ஸ் எண்ணை மறுபடி அடித்ததில் திரையில் ஒரு வரி நின்றது. இரண்டு கணினிகள். இரண்டும் பயன்பாட்டில் உள்ளன.

"ஒண்ணு இது. இன்னொண்ணு எங்கீங்ண்ணா?"

அவன் வாய் திறப்பதற்குள் மெக்கானிக் சொன்னான்.

"பழைய கம்ப்யூட்டரா இருக்கும்க்கா. இரும்புக்கடைக்குப் போட்டிருப்பீங்க."

அவள் தலையாட்டினாள்.

அவன் மாடி ஏறினான்.

மேலே, அவனுடைய திரையில் பாதி வரைந்த பூ. குழந்தைகள் பிராக்குக்கு. இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்திருக்கும் வேலை. சனிக்கிழமை கேட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது கணினி இதுதான் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவர் மண்ணுக்குள் இருக்கிறார்.

பென்டிரைவைக் கொடுங்கள், நான் திறந்து தருகிறேன் என்று சொல்லலாம். இன்றைக்குச் சரி. நாளைக்கு? தினமும் அவள் இந்தப் படியேறி வந்து நிற்பாள். அவளுடையதை அவளுக்கே உதவி என்று கொடுப்பதா?

உள்ளதைச் சொன்னால் வாங்க மாட்டாள். அவர் குடுத்ததை நான் எப்படிங்ண்ணா திரும்பக் கேக்கறது என்பாள். அவளும் சம்சுதீனைப் போலத்தான்.

சுவரில் முருகன் இருந்தார். அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மெனுவைத் திறந்தான். லைசென்ஸைத் திருப்பிக் கொடு.

திருப்பிக் கொடுத்தால் இந்தக் கணினியில் மீண்டும் பெற முடியாது. சம்மதமா?

மகளுக்கு இப்போது பதினொன்று. அடுத்த வாரம் பள்ளி திறக்கிறது.



சம்மதம் என்பதை அழுத்தினான்.

சத்தம் எதுவும் வரவில்லை. எங்கோ ஒரு ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைல் இல்லாமல் போயிருக்கும். பூ சாம்பல் நிறமானது. மவுஸை நகர்த்தினான். பூ நகரவில்லை.

கீழே மெக்கானிக் விடாமல் முயன்றுகொண்டிருந்தான் போலிருக்கிறது.

"அக்கா! ஏறிருச்சு!"

"யா அல்லா. என்ன தம்பி பண்ணுனே?"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனேங்க்கா. எல்லாம் கைராசி."

"நீ நல்லாருக்கோணும் கண்ணு. உம் புள்ளகுட்டி நல்லாருக்கோணும்."

ஒன்றன்பின் ஒன்றாக ஆறு மெஷின்களும் ஓடத் தொடங்கின. மேலே தரை அதிர்ந்தது.

அவனுடைய போன் அடித்தது. பிராக்குக்காரர்.

எழுந்துபோய், கீழே கேட்காதபடி கதவைச் சாத்திவிட்டு எடுத்தான்.