கொட்டாங்கச்சி டீ

“அப்பா, இந்த நாற்காலியைப் பாருங்க. புது வீட்டு ஹால்ல போட்டா எப்படி இருக்கும்?”

சிந்துஜா காட்டிய நாற்காலியைப் பலராமன் கிட்டே வந்து பார்க்கவில்லை. கடைக்குள் வந்ததிலிருந்தே வாசலோரமாகத்தான் நின்றிருந்தார்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி இருந்தது அந்தக் கடை. பழைய சாமான் கடை என்று சொன்னால் ஓனர் முருகவேலுக்குக் கோபம் வரும். விண்டேஜ் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால் அடி நசுங்கிய சொம்புக்குக்கூடத் தனி மரியாதை வந்துவிடுகிறது. முன்பக்கம் நாலு மேசை போட்டு, வருகிறவர்களுக்கு டீயும் விற்றார்கள்.

சிந்துஜாவுக்கு கலெக்டர் ஆபீஸில் வேலை. வேங்கிக்காலில் வீடு கட்டி முடித்திருந்தாள். வீடு முழுக்கப் பழைய பொருளாக வைக்க வேண்டும் என்று ஆசை. அதற்காகவே போனில் படம் படமாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

“ஒரு பண்ணையார் வீட்டுல இருந்து வந்தது மேடம்,” என்றான் முருகவேல். “ஒரிஜினல் தேக்கு. இப்போ இதுக்குத்தான் டிமாண்ட் ஜாஸ்தி.”

“உங்களுக்காகத்தாம்பா பாக்கறேன். சாஞ்சு உக்காந்து பேப்பர் படிக்கலாம்.”

“எனக்கு பிளாஸ்டிக் சேரே போதும்மா. வா, போலாம்.”

பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மகள் ஆசையாக எதைக் காட்டினாலும் இதே பாட்டுதான். சிந்துஜாவுக்கு எரிச்சலாக வந்தது.

“வந்ததுக்கு ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போலாம். உக்காருங்க.”

அரை மனதாக உட்கார்ந்தார்.

பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரர். அதற்கு அடுத்ததில் சென்னையிலிருந்து கோயிலுக்கு வந்த குடும்பம். எல்லார் கையிலும் வழவழவென்று பாலிஷ் போட்ட கொட்டாங்கச்சி, அதில் டீ. அந்தக் குடும்பத்துப் பெண் ஒரு வாய் குடிப்பதற்கு முன் நாலு போட்டோ எடுத்தாள்.

டீ போடுவது முருகவேலின் அப்பா சின்னசாமி. வயதான மனிதர். தட்டை அவரே தூக்கிக்கொண்டு வந்து, சிந்துஜாவின் முன்னால் ஒரு கொட்டாங்கச்சியை வைத்தார். பலராமனைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. இன்னொரு கொட்டாங்கச்சியைத் தட்டோடு திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கண்ணாடி கிளாஸ் இருந்தது. அதைப் பலராமன் முன்னால் வைத்தார்.

சிந்துஜா சுற்றிலும் பார்த்தாள். வேறு யார் கையிலும் கிளாஸ் இல்லை.

“ஏங்க, அப்பாவுக்கு மட்டும் ஏன் கிளாஸ்?”

சின்னசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

ஊர்ப் பக்கம் டீக்கடைகளில் தனி கிளாஸ் வைத்திருந்ததை சிந்துஜா படித்திருக்கிறாள். அப்பா அந்தக் காலத்தைப் பற்றி வாயே திறந்ததில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“எங்க அப்பா யாருன்னு உங்களுக்குத் தெரியும். அதானே?”

“தெரியும்மா. ஒரே ஊருதான்.”

“தெரிஞ்சுதான் தனி கிளாஸ் வெக்கிறீங்களா? எங்க அப்பா வாய் வெச்ச கொட்டாங்கச்சியில அடுத்தவங்க குடிக்க மாட்டாங்களோ? எந்தக் காலத்துல இருக்கீங்க? நான் ஒரு புகார் குடுத்தா இந்தக் கடை இருக்காது, தெரியும்ல?”

முருகவேல் பதறிப்போய் ஓடி வந்தான். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா, நீ இன்னா பண்ண?”

சின்னசாமி மகன் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“ஊர்ல டீக்கடை வெச்சிருந்தவன்மா நானு. மத்தவங்களுக்கு கிளாஸ். உங்க தெருவுல இருந்து வர்றவங்களுக்குக் கொட்டாங்கச்சி. கூரையில சொருவி வெச்சிருப்பேன். அவங்களே எடுத்துக்கினு வெளிய நிக்கணும். கை படாம மேல இருந்து ஊத்துவேன். குடிச்சிட்டு, கழுவி, திரும்ப சொருவிட்டுப் போவணும். உங்கப்பா அப்போ பள்ளிக்கூடம் போற புள்ள.”

கடையில் யாரும் டீ குடிக்கவில்லை.

“இவன் இதை ஃபேஷன்னு கொண்டாந்தப்பவே வேணாம்னு சொல்ல நெனைச்சேன். ஏன்னு கேட்டா இன்னா பதில் சொல்றது? வாயை மூடிக்கினேன். இன்னிக்கு உங்கப்பாவப் பாத்ததும், அதே கையால திரும்ப அதை நீட்ட மனசு வரலம்மா. அதான் கிளாஸ்ல கொண்டாந்தேன்.”

சிந்துஜாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. அவசரப்பட்டு வார்த்தையை விட்டுவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. சென்னைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு,” என்றாள் சின்னசாமியிடம்.

சின்னசாமி கையைக் கூப்பினார். “குடிங்க பலராமன். ஆறிடப் போவுது.”

பலராமன் கிளாஸைத் தொடவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

“எதுல வேணும்னு அன்னிக்கும் நீங்க என்னைக் கேக்கல, இன்னிக்கும் கேக்கல,” என்றார். “அன்னிக்கு ஊரே கிளாஸ்ல குடிச்சுது, எனக்கு மட்டும் கொட்டாங்கச்சி. இன்னிக்கு ஊரே கொட்டாங்கச்சியில குடிக்குது, எனக்கு மட்டும் கிளாஸ்.”