கேமரா மேல் பிளாஸ்திரி

லேப்டாப் கேமராவின் மேல் மறுபடியும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார் வேதசிரோமணி. அவர் மனைவி புஷ்பம் அதைப் பிய்த்துத் தரையில் எறிந்தாள்.

"வாரத்துக்கு ஒரு நாள்தான் நம்ம பொண்ணு ஜென்சி டப்ளின்ல இருந்து கூப்பிடறா. என் முகத்தையாவது அவ பார்க்க வேணாமா? நீங்கதான் கேமரா முன்னாடி வர்றதே இல்ல."

"குரல் கேட்டா போதும் புஷ்பம். பாஸ்வேர்டு எல்லாம் மாத்திட்டேன். அப்டேட்டும் போட்டுட்டேன். அப்பவும் நம்ப முடியாது."

"முப்பது வருஷம் கவர்மென்ட் ஆபீஸ்ல ஃபைல் பார்த்து ரிட்டயரானவர் நீங்க. ராஜகீழ்ப்பாக்கத்துல வந்து நம்மள எவன் வேவு பார்க்கப் போறான்?"

அவர் செய்தித்தாளை நீட்டினார். அரசு ரகசியமாக வைத்திருந்த வேவு மென்பொருள்கள் திருடப்பட்டு இணையத்தில் கசிந்துவிட்டனவாம். இனி யார் வேண்டுமானாலும் எந்த வீட்டுக் கேமராவையும் திறந்து பார்க்கலாமாம். கீழே அவற்றின் பெயர்களைப் போட்டிருந்தார்கள். சோனு, முன்னி... மூன்றாவது பெயரில் புஷ்பத்தின் விரல் நின்றது.

"ஜிமிக்கி... ஏங்க, இது நம்ம ஜென்சியை நீங்க சின்னதுல கூப்பிட்ட பேராச்சே?"

அவர் தலை நிமிரவில்லை.

"அவங்கவங்க எழுதின புரோகிராமுக்கு அவங்கவங்க புள்ள பேரை வைக்கறது எங்க ஆபீஸ் வழக்கம், புஷ்பம்."

லேப்டாப் ஒலித்தது. மகள்தான்.

புஷ்பம் குனிந்து, தரையில் அந்தப் பிளாஸ்திரியைத் தேடினாள்.