ஒரு முழு மார்க்

அன்று காலையில்தான் மழை பெய்ததா, முந்தின நாளே பெய்து ஓய்ந்துவிட்டதா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ஆற்றுப்படுகைக் கற்கள் ஈரமாக இருந்தன. அது மட்டும் நிச்சயம்.

அவரை எல்லோரும் அரைமார்க் என்றுதான் சொல்வார்கள். மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் சோதனை ஓட்டுநர். இருபத்தாறு வருடங்களில் எந்த வண்டிக்கும் முழு மார்க் போட்டதில்லை. எங்கேயாவது தேடிப்பிடித்து ஒரு அரையை வெட்டிவிடுவார்.

அன்று அவர் முன்னால் இரண்டு வண்டிகள் நின்றன. தார்ச்சாலையிலும் ஓட வேண்டும், சாலையே இல்லாத இடத்திலும் ஓட வேண்டும் என்று இரண்டு குழுக்கள் இரண்டு வருடம் மல்லுக்கட்டிச் செய்தவை. எது யாருடையது என்று தெரியாதபடி உடம்பெல்லாம் கறுப்பு டேப். ஒன்று, இரண்டு என்று எண் மட்டும்.

அவர் எதற்கு அதிகம் போடுகிறாரோ அது தயாரிப்புக்குப் போகும். மற்றதைப் பிரித்து அடுக்கிவிடுவார்கள்.

இரண்டில் ஒன்று அவர் மகளின் குழு செய்தது.

எது என்று அவருக்குத் தெரியாது. வீட்டில் வண்டிப் பேச்சே எடுப்பதில்லை என்று இருவருக்கும் ஒரு ஒப்பந்தம். சில இரவுகளில் தட்டும் கரண்டியும் மட்டும் பேசிக்கொள்ளும். பட்டறையில் அவள் அவரை சார் என்பாள். அவர் மேடம் என்பார்.

"வீட்ல தண்ணி கேட்டாலும் மேடம்தானாண்ணே?" என்று பெயின்டர் சீண்டுவார்.

வேறு ஆளை ஓட்டச் சொல்லலாமா என்று மேலாளர் கேட்டபோது, எதிர்க்குழுதான் முதலில் மறுத்தது. அரைமார்க் ஓட்டினால் போதும் என்றார்கள்.

பன்னிரண்டு கிலோமீட்டர் தார். பிறகு நான்கு கிலோமீட்டர் கல்லும் மணலும்.

ஒன்றாம் நம்பர் உயரம். பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்திக் கும்பிடு போட்டது. வளைவுகளில் கொஞ்சம் யோசித்துத் திரும்பியது. கல்லில் இறங்கியதும் ஆட்டுக்குட்டியாகிவிட்டது. அவர் கால் வைக்கும் கம்பிகளில் எழுந்து நின்றார். அது பாட்டுக்குப் போனது.

தாருக்கு எட்டு. கல்லுக்கு ஒன்பதரை.

இரண்டாம் நம்பர் தாரில் இஸ்திரி போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. கல்லில் மட்டும் ஒவ்வொரு அடியையும் மணிக்கட்டுக்கு ஏற்றியது.

தாருக்கு ஒன்பது. கல்லுக்கு எட்டு.

ஒன்றுக்குப் பதினேழரை, இரண்டுக்குப் பதினேழு. பென்சிலால் குறித்துக்கொண்டார்.

கடைசியில் மண்டியிட்டு நட்டுகளைப் பார்ப்பது அவர் வழக்கம். அந்தத் தொழிற்சாலையில் நட்டை முறுக்கியவரே அதன் மேல் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும். நட் தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஒன்றாம் நம்பரில் ஒரு கோடும் உடையவில்லை. ஆனால் எல்லாக் கோடுகளும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

இடதுகைக்காரியின் சாய்வு. அவள் ஒன்றாம் வகுப்பு நோட்டிலிருந்து அவர் பார்த்துவரும் சாய்வு.

ஒரு கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

மகள் வண்டி அரை மார்க்கில் ஜெயிக்கிறது. அப்பன் போட்ட மார்க்கில். நாளைக்கு ஊர் வாய் என்ன சொல்லும்? ஊர் கிடக்கட்டும். அந்த ஒன்பதரையைப் போட்டது கையா, ரத்தமா? அவருக்கே தெரியவில்லை.

ரப்பரை எடுத்தார். கல்லுக்கு எட்டரை என்று மாற்றினார். 'ஈரக்கல்லில் பின்சக்கரம் வழுக்குகிறது' என்று காரணம் எழுதினார். அது வழுக்கவே இல்லை.

அரைமார்க் முதன்முதலாக ஒரு முழு மார்க்கை வெட்டியது அன்றைக்குத்தான்.

பட்டறையில் மேலாளர் தாளை வாசித்தார். இரண்டாம் நம்பருக்கு அரை மார்க் கூடுதல். டேப்பைக் கிழித்தார்கள். கைதட்டல் எழுந்தது.

இரண்டாம் நம்பரின் பக்கத்தில் கண் கலங்கி நின்றவள் அவர் மகள்.

அவர் ஒன்றாம் நம்பரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். விரலால் காற்றில் ஒரு சாய்கோடு இழுத்தார்.

"ஒண்ணாம் நம்பர் ஃபிட்டருக்கு நேத்து கையில அடி, சார். நட்டெல்லாம் நான்தான் முறுக்கிக் குடுத்தேன்" என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. பின்னால் அவள் குழுவினர் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு வெட்டுனீங்க?"

"ஒண்ணு."

"முழுசாவா?"

அவர் தலையாட்டினார்.

மகள் தன் குழுவைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருடம். ஐந்து பேர். ஒருவர் கல்யாணத்தையே தள்ளிப்போட்டிருந்தார். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மேலாளர் கையிலிருந்து தாளை வாங்கினாள். தன் பேனாவைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

"திருப்பிப் போடுங்க, சார். எல்லாரும் பாக்குற மாதிரி போடுங்க."

போட்டார். எட்டரையை அடித்துவிட்டு ஒன்பதரை என்று எழுதினார். பொய்க் காரணத்தையும் அடித்து, ஓரத்தில் கையெழுத்திட்டார். கைதட்டல் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

ஒன்றாம் நம்பர் தயாரிப்புக்குப் போனது. இன்றும் நன்றாக விற்கிறது. இரண்டாம் நம்பரைப் பிரித்து அடுக்கிவிட்டார்கள். மகள் இப்போது பிரேக் பிரிவுக்குத் தலைவி. தள்ளிப்போன கல்யாணம் நடந்தது. அவர் அந்த மாதமே சோதனை ஓட்டுவதை விட்டுவிட்டு, கிடங்கில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு வருடத்தில் ஓய்வு பெற்றார். யாராவது பிள்ளைகளைப் பற்றிப் பெருமையடிக்க ஆரம்பித்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "எம்பொண்ணு தோத்த கதை தெரியுமா உங்களுக்கு?" என்று தொடங்குவார்.