ரத்தத்தில் யார் பங்கு?

“திருட்டுப் புத்தி எங்க வீட்டு ரத்தத்துல கிடையாது டாக்டர். எழுதிக்குங்க. எல்லாம் இவ அண்ணன் வழி.”

நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே பழைய சாமான் கடைக்காரர் ஆரம்பித்துவிட்டார். மனநல டாக்டர் இன்னும் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை.

“எங்கண்ணனை எதுக்கு இழுக்கறீங்க?” என்று பாய்ந்தாள் மனைவி.

“இழுக்காம? லாட்ஜுல தங்கினா பல்பைக்கூட விட்டுவைக்க மாட்டான். குழாய் தப்பிச்சதே அவன்கிட்ட ஸ்பானர் இல்லாததாலதான்.”

“உங்க சித்தப்பா மட்டும்? மழைக்கு ஒதுங்கின இடத்துல இருந்தெல்லாம் யார் குடையோடயாவது திரும்பி வருவாரே! அவர் போனப்ப அந்த வீட்டுல இருந்த குடைக்கு ஒரு கடையே வெச்சிருக்கலாம்.”

டாக்டர் கையை உயர்த்தினார். “முதல்ல பொண்ணு என்ன பண்ணினான்னு சொல்லுங்க.”

பெண் வெளியே காத்திருந்தாள். பத்தாம் வகுப்பு. கூடப் படிப்பவள் பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்திருக்கிறாள். மாட்டிக்கொண்டதும் அழவில்லை. ‘பேட்டரி நான் போட்டது, அதைக் கழட்டிக்கிட்டுத்தான் தருவேன்’ என்று தலைமை ஆசிரியையிடமே பேரம் பேசியிருக்கிறாள். மனநல டாக்டரின் கடிதம் இல்லாமல் வகுப்புக்குள் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. எழுதவிடாவிட்டால் ஒரு வருஷம் அப்படியே போய்விடும்.

“ஏன் எடுத்தேன்னு கேட்டீங்களா?”

“கேட்டேன். அவ பையில சும்மா கிடந்துச்சுன்னு சொன்னா.”

“சும்மா கிடந்தா எடுத்துடறதா சார்?”

“என் தொழிலே அதுதானே டாக்டர்.”

டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

“அதை விடுங்க. திருட்டுல ரத்தம் எவ்வளவு, வளர்ப்பு எவ்வளவு? தோராயமா சொல்லுங்க.”

“அப்படியெல்லாம் பிரிச்சுச் சொல்ல முடியாது. பரம்பரை கொஞ்சம் இருக்கலாம். வளர்ற இடம், சேர்க்கை, அந்த வயசுல மூளை இன்னும் பக்குவப்படாம இருக்கறது, எல்லாம் கலந்துதான்...”

“எனக்கும் பித்தளையும் இரும்பும் கலந்துதான் வருது. பிரிச்சு எடை போடலையா?”

டாக்டர் களைத்துப்போனார். “சரி, ஒரு பேச்சுக்குப் பாதிக்குப் பாதின்னு வெச்சுக்குங்க.”

“பாதியா? முப்பது போடுங்க.”

“சார், இது பேரம் இல்ல.”

“சரி, பாதியே இருக்கட்டும். அந்தப் பாதியில இவ பக்கம் முக்கால், என் பக்கம் கால். முடிச்சுக்கலாம்.”

“இது என்ன கதவு கழண்ட பீரோவா, வாய்க்கு வந்ததைச் சொல்ல?” மனைவி விடவில்லை. “பேட்டரியைக் கழட்டிக்கிட்டுத் தரேன்னு எங்க பக்கத்துல யாருக்காவது சொல்ல வருமா? நீங்களே சொல்லுங்க டாக்டர்!”

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பேட்டரி விஷயத்தில் பெண் கேட்டது நியாயம் என்றே அவருக்குப் பட்டது.

டாக்டர் அவசரமாக அடுத்த கேள்விக்குத் தாவினார். “குழந்தை பிறக்கும்போது ஏதாவது சிக்கலா? சுகப்பிரசவமா, ஆபரேஷனா?”

கடைக்காரர், சொல்லேன் என்பதுபோல் மனைவியைப் பார்த்தார்.

மனைவி வாயைத் திறந்தாள். மூடினாள். அவரைப் பார்த்தாள்.



“அது வந்து டாக்டர்...” அவள் குரல் இறங்கியிருந்தது. “அவளை நான் பெறலை. கைக்குழந்தையா, குழந்தைகள் இல்லத்துல இருந்து தூக்கிட்டு வந்தோம்.”

“ஆமால்ல?” என்றார் கடைக்காரர்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “இது பொண்ணுக்குத் தெரியுமா?”

“அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும்.” கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எங்களுக்குத்தான் மறந்துபோச்சு.”

டாக்டர் அதுவரை எழுதிய தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

“அப்போ உங்களுக்குக் கவலையே இல்ல. இந்த ரத்தத்துல ரெண்டு பேருக்கும் பங்கு கிடையாது. பெத்தவங்க எப்படிப்பட்டவங்கன்னு தெரியாதுன்னு கடிதத்துல எழுதிடறேன். பாவம்னு பார்த்து உள்ளே விட்டுடுவாங்க.”

பெண்ணுக்குப் பரீட்சை உண்டு. பழி மொத்தமும் ஊர் பேர் தெரியாத யாரோ தலையில். கேட்காமலே இவ்வளவு இறங்கி வந்த ஆளைக் கடைக்காரர் தன் தொழிலில் பார்த்ததே இல்லை.

அவர் மேஜையை ஓங்கித் தட்டினார்.

“தெரியாதுன்னு யார் சொன்னது? எங்க சித்தப்பா குடை திருடினவர். அவர் வழியில வந்ததுதான் இது. முழுசும் என் பக்கம். எழுதுங்க!”

“முழுசுமா?” மனைவி நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “இவர் சொல்றதை எழுதாதீங்க டாக்டர். அவ அப்படியே எங்கண்ணனை உரிச்சு வெச்சிருக்கா!”